மேலே யாரும் இல்லாத ஊர்

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் மேட்டூர் நிலவரம், வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, பக்கத்து வயல்காரர் வாங்கிய டிராக்டர் என்று எல்லாவற்றையும் பேசிவிட்டு வைத்துவிட்டார். உன் கேள்வி அப்படியே நின்றது. எழுதுவதுதான் எனக்குத் தோது. பேச்சில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நான்கு காரணங்களை அடுக்கிவிடுவாய். இதை உன்னைத் தவிர வேறு சிலரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையே சில இடங்களில் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள். வேற்று ஆட்கள் படிப்பார்கள் என்றால் நான் மிகைப்படுத்தவும் மாட்டேன், அது உனக்கு லாபம்.

நீ கேட்டது இது. அறுவடை முடிந்ததும் உங்கள் ஊர்க்கூட்டம். ஊர் மேலேயே இருப்பதா, எல்லோரும் கீழே ஆற்றங்கரைப் பொட்டலுக்கு இறங்கிவிடுவதா என்று அன்றைக்கு முடிவாகும். வீட்டுக்கு ஒரு வாக்கு. "நம்ம வீட்டு வாக்க நான்தான் சொல்லணும். இருக்கலாம்னு சொல்லவா, போலாம்னு சொல்லவா? நீ என்னம்மா நெனைக்கிற?" என்றாய். நம்ம வீடு என்று நீ சொன்னது லடாக்கில் இருக்கும் பத்மாவின் வீட்டை. அதைக் கவனித்தேன். வருத்தம் இல்லை, கவனித்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நீ கட்டடப் பொறியியல் படித்துவிட்டு இங்கே நெடுங்காடு பக்கம் சிறு பாலங்கள் கட்டுகிற ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். லடாக்கில் குளிர்காலத்தில் பனிக்கட்டியைக் கூம்பாகக் கட்டி வைக்கிறார்கள், அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நாள் கிளம்பினாய். ஒரு குளிர்காலம் என்றாய். அது இரண்டாயிற்று. அந்த ஊரில் பத்மா இருந்தாள். அந்த வீட்டுக்கு அவள் ஒரே பெண். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் பெண்ணைக் கட்டுகிறவன் அந்த வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். வருகிறவனுக்கு மக்பா என்று பெயர். வயல், ஆடு, தண்ணீர் முறை, ஊர்க்கூட்டத்து வாக்கு எல்லாம் அவன் பொறுப்பு. உன் விஷயத்தில் பத்மாவின் அப்பா வாக்கை உன்னிடம் விட்டுவிடுவது என்று முன்பே முடிவு செய்துவிட்டார். கூட்டத்துக்கு முன் நீ அந்த வீட்டு ஆள் ஆகியிருக்க வேண்டும் என்பதால்தான் கல்யாணமே முன்தள்ளி அடுத்த மாதம் என்று ஆயிற்று.

அங்கே மக்பா மதிப்பான இடம். இங்கே அதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். திருமலைராயன்பட்டினத்திலிருந்து உன் மாமா கேள்விப்பட்ட அன்றே வந்துவிட்டான். பத்மா என்ற பெயரைக் கேட்டதும் முதலில் அவன் முகம் தெளிந்தது. மாயவரமா, கும்பகோணமா என்று விசாரித்தான். லடாக் என்றதும் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தான். பிறகு, "வீட்டோட மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டிருக்கேன்க்கா, பனியோட மாப்பிள்ளைன்னு இப்பத்தான் கேக்குறேன். ஒத்தப் புள்ளையத் தத்துக் குடுத்துட்டு உக்காந்திருக்க" என்றான். உன் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "நீ மட்டும் என்ன மச்சான், கல்யாணம் ஆன நாள்லேருந்து மாமனார் கடையிலதான உக்காந்திருக்க. அங்கயாவது காத்து நல்லா இருக்கும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாதா கோயிலில் திருமணப் பூசை எப்போது என்று மட்டும் போகும்போது கேட்டான். அதை நீங்கள் இருவரும் பங்குச்சாமியாரும் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை.

ஜூன் மாதம் நாங்கள் அங்கே வந்ததைப் பெண் பார்க்கப் போனதாக இங்கே சொல்லிக்கொண்டோம். உண்மையில் நான் ஊரைப் பார்க்க வந்தேன். நீ அனுப்பிய படங்களையும் வரைபடங்களையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. மண்ணையும் நீரையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்ததில் வந்த குணம் இது. நெடுங்காட்டிலிருந்து வருகிறவர், போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னாலும், ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வாங்க என்றுதான் சொல்வேன். உலகம் சூடாகிறது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களிடமும் எனக்கு அதே புத்திதான். சூடாகவில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த ஊரில், இந்த ஓடையில் என்ன ஆயிற்று என்று கேட்பேன்.

அப்படித்தான் பத்மாவின் அப்பாவிடம் கேட்டேன். அவர் கல்யாணம் ஆன புதிதில் பனிப்பாறையின் அடி எதுவரை இருந்தது என்று நீ என் கேள்வியை மொழிபெயர்த்தாய். பள்ளத்தாக்கின் தலைப்பில், ஒட்டகம் படுத்திருப்பது போன்ற ஒரு பாறையைக் காட்டி, அதுவரை என்றார். மறுநாள் அவர் இல்லாதபோது, அவர் வயதுள்ள இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேட்கச் சொன்னேன். உனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கேட்டாய். அவர் வேறொரு பாறையைக் காட்டினார். நினைவு என்பது அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டு பாறைகளில் எது சரியாக இருந்தாலும், இன்றைக்குப் பனி இரண்டுக்கும் வெகு மேலே, தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் இருந்தது. நடுவில் முழுக்கக் கருஞ்சரளை. சாட்சிகள் முரண்பட்டாலும் வழக்கு நிற்கும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாரையும் சோதிக்கவில்லை.

உங்கள் ஊரின் கஷ்டம் என்ன என்று நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. குளிர்காலத்தில் சரிவுகளில் விழுகிற பனி, வெயில் ஏறத் தொடங்கும்போது உருகி ஓடைக்கு வரும். அந்தத் தண்ணீரில் உழுது பார்லி விதைப்பார்கள். அது தீரும் சமயத்தில், உச்சியில் வருடம் முழுவதும் கிடக்கும் பனிப்பாறை கசிந்து மீதிப் பயிரைக் காப்பாற்றும். ஒன்று கைமாற்றிக் கொடுக்க, அடுத்தது வாங்கிக்கொள்ளும். இப்போது சரிவில் விழுகிற பனி பல வருடங்களில் பேருக்குத்தான். பனிப்பாறையோ சுருங்கி மேலே ஏறிவிட்டது, அங்கே வெயில் உறைக்க ஆனி ஆகிவிடுகிறது. கைமாற்றும் இடத்தில் இடைவெளி விழுந்துவிட்டது. விதைக்க வேண்டிய நேரத்தில் ஓடையில் கல் தெரிகிறது. தள்ளி விதைத்தால், கதிர் பால் பிடித்து முற்றுவதற்குள் குளிர் வந்துவிடுகிறது, பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீர் பிந்தி, சம்பா பிந்தி, இளம்பயிராக இருக்கும்போதே ஐப்பசி மழையில் முழுகுவதை நம் குரும்பகரத்தில் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் வருகிற மாதம் தவறினால் வந்தும் பயனில்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் உன் கூம்பு. குளிர்காலத்தில் யாருக்கும் வேண்டாமல் ஓடும் ஓடைத் தண்ணீரை மேலிருந்து குழாயில் இறக்கி, கீழே மேல்நோக்கிப் பீய்ச்சவிடுகிறீர்கள். காற்றிலேயே உறைந்து குவிகிறது. வெயில் வந்ததும் அது மெதுவாக உருகி, விதைப்புக்குத் தண்ணீர் தருகிறது. நாங்கள் வந்தபோது வேதாரண்யம் உப்புக் குவியல் மழையில் நனைந்து கரைந்த மாதிரி, அழுக்காக, இடுப்பளவு மிச்சம் இருந்தது. நீ அதைக் காட்டியபோது உன் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். முதல் குளிர்காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது என்று பத்மாவின் அப்பாவே சொன்னார். இரண்டாவதில் குளிர் தாமதமாக வந்தது, ஓடையே நூலாக ஓடியது, வந்த தண்ணீரும் குழாய்க்குள் உறைந்து குழாய் வெடித்தது. அதையும் அவர்தான் சொன்னார். நீ சொல்லவில்லை.

இனி உன் அப்பா செய்த காரியம். இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதிக்க. உங்க ஆராய்ச்சிக்கூடத்துல ஒட்டிக்கூட வெச்சுக்க" என்றார்.

நாங்கள் அங்கே இருந்தபோது ஒரு நாள் பத்மாவின் வீட்டுக்குத் தண்ணீர் முறை. எதிர்மலையின் நிழல் குறிப்பிட்ட ஒரு சுவரைத் தொடும்வரை தண்ணீர் அவர்களுடையது, தொட்டதும் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். காலையில் ஓடை சொட்டிக்கொண்டிருந்தது. உன் அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வெயில் ஏறியதும் தண்ணீர் தானாகப் பெருகியதை நம்ப முடியாமல் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்தார். நீயும் பத்மாவும் மேலே மடையில் நின்றீர்கள். அவள் அப்பா பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு வந்தார். சும்மா இருக்க முடியாமல் உன் அப்பா ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கடைசிப் பாத்திக்கு வந்து நின்றார். நான் பக்கத்துக் கல்சுவரில் உட்கார்ந்திருந்தேன். பாத்தியின் மூலையில் ஒரு சிறு திறப்பு இருந்தது. பயிர் நனைந்ததும் மிச்சத் தண்ணீர் அதன் வழியாகக் கீழ்வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்தார். இரண்டு கல், நாலு வெட்டு மண், மேலே காலால் ஒரு மிதி. அழகாக அடைத்துவிட்டார். "வந்த தண்ணிய எவனாச்சும் தொறந்து விடுவானா? பாவம், பழக்கமில்ல" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்ணீர் வயலில் நின்றதைப் பார்க்க எனக்கும் நிறைவாக இருந்தது. நம் கண் அப்படிப் பழகிய கண்.

நம் வயல் தரையோடு தரையாகக் கிடப்பது. அங்கே வயல் என்பது மலைச்சரிவில் கல் அடுக்கி, பின்னால் மண் கொட்டிய படி. தண்ணீர் தேங்கியதும் அந்தக் கல்சுவர் முதலில் வயிறு தள்ளியது, பிறகு ஓரமாகச் சரிந்தது. சேறும் கல்லும் முளைப்பயிருமாகக் கீழ்வயல்காரரின் பட்டாணிப் பாத்தியில் போய் விழுந்தது. நீங்கள் மேலே மடையை அடைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். தண்ணீர் ஓடையோடு போயிற்று. அன்றைய முறையில் பாதி அப்படியே வீண்.

கீழ்வயல்காரர் மேலே ஏறி வந்தார். சத்தம் போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். குரும்பகரமாக இருந்திருந்தால் அரிவாள் வரைக்கும் போயிருக்கும். அவர் அடைப்பைப் பார்த்தார், உன் அப்பாவைப் பார்த்தார், உன்னிடம் ஏதோ கேட்டார். நீ தயங்கினாய். என்ன கேட்கிறார் என்று உன் அப்பா விடவில்லை. "உங்க ஊர்ல உங்களுக்குக் கீழ யாரும் இல்லையான்னு கேக்குறாருப்பா" என்றாய்.

"இல்ல. எங்களுக்குக் கீழ கடல்தான்" என்றார் உன் அப்பா.

அதை நீ அவருக்குச் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்தார். கடலை அவர் பார்த்ததில்லை. அப்படியானால் அடைத்ததில் தப்பில்லை, அங்கே தண்ணீர் கேட்க ஆள் இல்லையே என்று சொல்லிவிட்டு, சேற்றை வழிக்க இறங்கிப் போனார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்துச் சொன்னார். மறுநாள் சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளி முதுகில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் சிலர், கீழ்வயல்காரர், உன் அப்பா. மூச்சு வாங்கும், உட்காருங்கள் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு சில அடிக்கும் நின்று நின்று ஏறினார். அப்போதுதான் பத்மாவின் அப்பா, இந்தப் படிகளில் இருக்கும் மண் முழுவதும் இப்படி ஆட்கள் முதுகில் வந்ததுதான் என்றார். சரிவில் இயற்கையாக இருந்தது சரளை மட்டும். மற்றதெல்லாம் சாணம், சாம்பல், ஓடை வண்டல், தலைமுறை தலைமுறையாகச் சுமந்தது. நான் ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். நல்ல மண். நம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தால் சந்தோஷமாகச் சான்று எழுதுவேன்.

கீழே பொட்டலில் இருப்பது மணல். அதையும் போய்ப் பார்த்தோம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டும் வேலை பாதியில் நிற்கிறது. அது முடிந்தாலும், அந்த மணல் பார்லியைத் தாங்கும் மண்ணாகப் பல வருடங்கள் எரு சுமக்க வேண்டும். அதனால்தான் ஊர் தயங்குகிறது. ஆளுக்கு ஒரு முடிவு எடுக்கவும் வழியில்லை. மேலே இருக்கும் வாய்க்காலை வருடாவருடம் எல்லா வீடும் சேர்ந்து சீர் செய்தால்தான் அது நிற்கும். பாதி வீடு இறங்கினால் மீதி வீட்டாலும் அங்கே இருக்க முடியாது. ஒரு வீட்டின் வாக்கு இன்னொரு வீட்டின் சோறு. நீ சொல்லப்போகிற வாக்கும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது விமானத்தில் உன் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்களுக்கு மேல யாரும் இல்லயேம்மா. யாருகிட்டப் போயிக் கேப்பாங்க?" என்றார். நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். நமக்குத் தண்ணீர் வராவிட்டால் திட்டுவதற்கு நீளமான வரிசை இருக்கிறது. மதகைத் திறக்காத அதிகாரி, மேல்மடைக்காரன், அவனுக்கு மேலே தமிழ்நாடு, அதற்கும் மேலே கர்நாடகம். காலிக் குடத்தோடு உட்காரலாம், வறண்ட வாய்க்காலில் இறங்கிக் கோஷம் போடலாம், மனுக் கொடுக்கலாம். உன் அப்பா எல்லாம் செய்திருக்கிறார், நீயும் பள்ளி நாட்களில் கூடப் போயிருக்கிறாய். எதுவும் நடக்காவிட்டாலும் கோபப்பட ஒரு முகம் கிடைக்கிறது, அது மனிதனை நிமிர்த்தி வைத்திருக்கிறது. உங்கள் ஊருக்கு மேலே பனிதான். அது சுருங்கியதற்குக் காரணமானவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள், நம் வீட்டு மோட்டாரும் அதில் சேர்த்தி. அவர்களில் யாருடைய வாசலில் போய்க் குடத்தை வைப்பது? அதனால்தான் அங்கே யாரும் சத்தம் போடுவதில்லை என்று நினைக்கிறேன். நான் முதலில் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள் சமையலறையில் நடந்ததை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் கேட்டாயா என்று எனக்குச் சந்தேகம். பத்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் அவளிடம் ஆங்கிலத்தில், உனக்கு இங்கே இருக்க வேண்டுமா, போக வேண்டுமா என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை. "ஏப்ரல் வந்தால் அப்பா சாப்பிட மாட்டார். ஓடையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சின்ன வயதிலிருந்து அதைப் பார்க்கிறேன். எனக்கு அப்படி ஒரு ஏப்ரல் வேண்டாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள் அல்லவா, தெளிவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். நீ உடனே, அடுத்த குளிர்காலத்தில் குழாயை இன்னும் ஆழமாகப் புதைத்தால் உறையாது என்று ஆரம்பித்தாய். எத்தனை ஆழம், என்ன சரிவு, எந்த இடத்தில் வால்வு என்று விளக்கினாய். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு மாவை மூடி வைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டாள். உன் விளக்கத்தில் தவறு இல்லை. குழாயை ஆழமாகப் புதைத்தால் உறையாதுதான்.

ஒரு வருடம் சம்பா முழுவதும் கருகியது உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மறு வருடம் தண்ணீர் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. சம்பாவை விட்டுவிட்டு உளுந்து மட்டும் போடலாம் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு நெல்லையே விதைத்தார். அந்த வருடமும் பாதிதான் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடமும் விதைத்தார். அவருடைய பிடிவாதத்தை ஊரில் பலர் மெச்சினார்கள், நீயும் மெச்சினாய், அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். ஒரு விஷயத்தை மட்டும் அப்போது யாரும் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் என் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நெல் வராத வருடத்திலும் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது, உன் கல்லூரி நிற்கவில்லை. பிடிவாதம் அழகாகத் தெரிவதற்குப் பின்னால் பெரும்பாலும் வேறு யாராவது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அங்கே நாளைக்கு அப்படிப் போகப்போகிறவள் பத்மா. நீ மேலேயே இருப்போம் என்று சொன்னால், அவளுடைய பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில்தான் அந்த வாக்கு நிற்கும்.

இப்போது என் பதில். இறங்குங்கள். உன் கூம்பு நல்ல வேலை, நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது தண்ணீரை உண்டாக்குவதில்லை, குளிர்காலத்தில் ஓடுவதை எடுத்து வைக்கிறது. மேலே பனிப்பாறை போய்க்கொண்டே இருந்தால் ஒரு நாள் எடுத்து வைக்க ஓடையே இருக்காது. அதுவரை அது சில வருடங்களைத் தரும். கீழே மணலை மண்ணாக்கத் தேவைப்படுவதும் அதே சில வருடங்கள். பொட்டலில் எரு சுமந்துகொண்டே மேலே பார்லி அறுக்க முடிந்தால் ஊர் பட்டினி இல்லாமல் இறங்கும். அதனால் குழாயை ஆழமாகப் புதை, கூம்பைக் கட்டு. ஊரை மேலே பிடித்து வைக்க என்று கட்டாதே. ஊர் இறங்கி முடிக்கும்வரை என்று கட்டு. உனக்கு இது கசக்கும். தான் கட்டியது நிற்க வேண்டும் என்றுதான் கட்டுகிறவன் நினைப்பான். கரைந்து போவதற்காகவே கட்டுகிற வேலையை நீயாகத்தான் தேர்ந்தெடுத்தாய்.

கீழே போனால் ஆற்று வாய்க்காலின் கடைசியில் இருப்பீர்கள். அங்கேயும் தண்ணீர் பிந்தி வரும், சில வருடம் வராமலும் போகும். ஆனால் அங்கே மேல்மடை என்று ஒன்று இருக்கும், போய்ச் சண்டை போடலாம். அது எவ்வளவு பெரிய வசதி என்று உன் அப்பாவைக் கேள்.

ஆனால் இதை என் கருத்து என்று கூட்டத்தில் சொல்லாதே. நான் அந்த ஊரில் சில நாள் தங்கிவிட்டு, சுவர் ஒன்றை இடித்துவிட்டு வந்த குடும்பத்து ஆள். உன் கருத்து என்றும் சொல்லாதே. நீ இரண்டு குளிர்காலம் பார்த்தவன், அவ்வளவுதான். மக்பா சொல்வது வீட்டின் வாக்கு. கல்யாணம் முடிந்து கூட்டம் கூடுவதற்குள், அந்த வீட்டில் பிறந்தவளிடம் நீயாகப் போய், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறை கேள். எனக்குச் சொன்னதையே உனக்கும் சொல்வாள் என்று நினைக்கிறேன், மாற்றியும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் கூட்டத்தில் அதை அப்படியே சொல். அவள் பேசி முடிக்கும்வரை குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.